புளிக்காத மா

அந்த இரவு மேல்வீட்டில் லைற் எல்லாம் ஒரேயடியாக அணைந்தது. கறன்ற் போய்விட்டதாக்கும் என்று பார்த்தால் கீழே என்னுடைய பேஸ்மென்றில் விளக்கு எரிகிறது. படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். "வா, சத்தம் போடாமல் வா" என்றார் அன்ரி. உள்ளே இருட்டு. அங்கிள் ஒரு கையில் மெழுகுதிரியும் மற்றக் கையில் ஒரு இறகும் மரக்கரண்டியுமாகச் சோபாவுக்கு முன்னால் முழந்தாளில் நின்றார். ஆறு வயதுப் பேத்தி ஒரு கடதாசிப் பையைப் பிடித்தபடி அவருக்குப் பின்னால் தவழ்ந்துகொண்டிருந்தாள். இருவரும் பாண் துண்டு தேடுகிறார்களாம்.

2009 ஏப்ரல் 7ஆம் திகதி. அடுத்த நாள் பொழுதுபட யூதர்களின் பஸ்கா தொடங்குகிறது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து முன்னோர் விடுதலையானதை நினைக்கும் பண்டிகை, புளித்த மாவில் செய்த எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. ரொறொன்ரோவின் வடக்கே, பாதர்ஸ்ட் வீதிக்குக் கிட்ட, ஒரு வயதான யூதத் தம்பதியின் வீட்டு பேஸ்மென்றில் நான் அப்போது வாடகைக்கு இருந்தேன். வந்த புதிதில் வாய் தவறி 'அன்ரி' என்று கூப்பிட்டது அவருக்குச் சிரிப்பாகப் போய், பிறகு அதுவே நிலைத்துவிட்டது. அவர் அன்ரி என்றால் கணவர் அங்கிள்தானே.

பத்துத் துண்டுப் பாணைக் கடதாசியில் சுற்றி வீடு முழுக்க ஒளித்து வைப்பது அன்ரியின் வேலை. மெழுகுதிரி வெளிச்சத்தில் தேடிப் பிடித்து, இறகால் கரண்டிக்குள் கூட்டி, அடுத்த நாள் காலையில் எரிப்பது அங்கிளின் வேலை. உண்மையில் வீட்டில் ஒரு துகள்கூட மிச்சமில்லை. மூன்று கிழமையாக அன்ரி பிரிட்ஜை இழுத்துத் துடைத்து, ரோஸ்ரரைப் பெட்டியில் கட்டி, குளிர்காலக் கோட்டுகளின் பையைக்கூட வெளியே இழுத்து உதறியிருந்தார். தேடுபவருக்கு ஏதாவது அகப்பட வேண்டுமே என்பதற்காகத்தான் அந்தப் பத்துத் துண்டு. அன்றைக்கு ஒன்பதுதான் அகப்பட்டது. பத்தாவதை எங்கே வைத்தேன் என்று அன்ரிக்கே ஞாபகமில்லை. அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 'என் கண்ணில் படாத புளிப்பெல்லாம் மண்ணிலுள்ள தூசிக்குச் சமம்' என்கிற மாதிரி அரமேய மொழியில் ஒரு வாசகம். அங்கிள் அதைச் சொல்லிவிட்டு லைற்றைப் போட்டார்.

பஸ்கா எனக்குக் கேள்விப்படாத சொல்லல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். நெற்றியில் திருநீற்றோடு உட்கார்ந்து பைபிளின் யாத்திராகமம் கேட்டவன். புளிப்பில்லாத அப்பம், கசப்பான கீரை, நிலைக்காலில் பூசிய ஆட்டுக்குட்டியின் இரத்தம் எல்லாம் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். ஆனால் அந்த அப்பத்தை இன்றைக்கும் ஒருவர் கடையில் வாங்கி, மேசையில் வைத்துச் சாப்பிடுவார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

சட்டம் இதுதான். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களில் எதன் மாவும் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் வெந்து முடிந்துவிட வேண்டும். தாண்டினால் அது புளித்த மா, அவர்கள் மொழியில் ஹமேட்ஸ். இஸ்ரேலில் ஏழு நாள், வெளிநாடுகளில் எட்டு நாள் அதைச் சாப்பிடக்கூடாது. சாப்பிடாமல் இருந்தால் மட்டும் போதாது, சொந்தமாக வைத்திருக்கவும் கூடாது. அங்கிளிடம் நல்ல விஸ்கி நாலு போத்தல் இருந்தது. அதுவும் பார்லிதானே. ஊற்றிவிட மனம் வருமா? ரபாய், அதாவது யூத மதகுரு, மூலமாக யூதரல்லாத ஒருவருக்குப் பத்திரம் எழுதி விற்றுவிட்டு, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். போத்தல்கள் அலுமாரியை விட்டு அசைவதில்லை, கதவில் ஒரு ரேப் ஒட்டுவதோடு சரி. இஸ்ரேல் அரசாங்கமே தன் வசமுள்ள ஹமேட்ஸை இப்படி விற்கிறது. அபு கோஷ் கிராமத்து அரபு ஹோட்டல் முகாமையாளர் ஒருவர் பல வருடங்களாக வருடத்தில் சில நாள் அவ்வளவுக்கும் சொந்தக்காரராக இருந்திருக்கிறார். முதலில் எனக்கு இது கள்ளத்தனமாகத்தான் பட்டது. யோசித்தால், சட்டத்தை மீறாமல் அதோடு குடித்தனம் நடத்தும் சாமர்த்தியம் என்றும் சொல்லலாம்.

"அப்போ என்னுடைய தோசை மா?" என்று கேட்டேன்.

எங்களுக்கு மா புளிக்காவிட்டால்தான் கவலை. அதுவும் கனடாக் குளிரில் ஒரு சட்டி மாவைப் பொங்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஓவனுக்குள் லைற்றைப் போட்டு, சட்டியைத் துவாயால் போர்த்தி, குழந்தையைத் தூங்க வைப்பதுபோல வைக்க வேண்டும். அன்ரி ஒவ்வொன்றாகக் கேட்டார். அரிசி, உழுந்து, கொஞ்சம் வெந்தயம். ஐந்து தானியத்தில் எதுவும் இல்லை. ஆகவே எவ்வளவு பொங்கினாலும் அது ஹமேட்ஸ் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அரிசிமா புளிக்காது, கெட்டுத்தான் போகும் என்று அவர்களுடைய பழைய சட்டநூலான தல்மூட் சொல்கிறதாம். அதை எழுதிய ரபாய்மார் ஒருநாளும் தோசை சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பிய யூதர்கள், அதாவது அஷ்கனாசிகள், அரிசி, பருப்பு, அவரை, சோளம் எல்லாவற்றையும் பஸ்காவுக்கு விலக்கிவிட்டார்கள். ஒரே சாக்கில் கோதுமைமணி கலந்திருக்கலாம், இடித்து மாவாக்கினால் எது எதுவென்று தெரியாது என்ற பயம். மத்தியகிழக்கு யூதர்களுக்கு இந்தத் தடை இல்லை. 2015இல் அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் பிரிவு ரபாய்மார் அஷ்கனாசிகளும் சாப்பிடலாம் என்று அனுமதித்தார்கள். அங்கிள் அசையவில்லை.

அங்கிளின் குடும்பம் போலந்துக்காரர். அன்ரி பிறந்தது பக்தாத்தில். 1950, 51இல் ஈராக்கிலிருந்து ஒரு இலட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் விமானங்களில் இஸ்ரேலுக்குக் கொண்டுபோகப்பட்டபோது அவருக்கு ஏழு வயது. சொத்துகளை ஈராக் அரசு முடக்கிவிட்டது. வீடும் கடையும் போய், கூடாரத்தில் இருந்து வளர்ந்தவர். பக்தாத் வீட்டைப் பற்றி அவருக்குத் தெளிவாக நினைவிருப்பது அரிசி பொறுக்குவதுதான். பஸ்காவுக்கு முந்தைய கிழமைகளில் அவருடைய அம்மாவும் மாமிமாரும் நிலத்தில் வட்டமாக உட்கார்ந்து, பெரிய தட்டங்களில் அரிசியைப் பரப்பி, கோதுமைமணி ஒன்றும் கலந்திருக்கக்கூடாது என்று மூன்று தரம் பொறுக்குவார்களாம். ஒரு தரம் அல்ல, மூன்று தரம். அதைச் சொல்லும்போது அன்ரியின் விரல் மேசைவிரிப்பின் மேல் தானாக ஓடியது. சுட்டுவிரலால் ஒரு மணியை ஒதுக்கி, மற்ற மூன்று விரலால் நல்லதை இழுக்கிற ஓட்டம். எங்கள் அம்மம்மா சுளகோடு முற்றத்தில் இருந்து கல் பார்க்கும்போது ஓடுகிற அதே ஓட்டம்.

அந்த அன்ரி, கல்யாணம் முடித்த நாள் தொடக்கம் பஸ்காவில் சோறு சாப்பிட்டதில்லை. மனைவி கணவன் வீட்டு வழக்கத்தைப் பின்பற்ற வேண்டுமாம். "எட்டு நாள் சோறில்லாமல் எப்படி?" என்று நான் வாயைப் பிளந்தேன். "அதற்குப் பதிலாக ஹரோசெத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை" என்றார். அது என்ன என்று அடுத்த நாள்தான் தெரிந்தது.

விருந்துக்கு வெறுங்கையோடு வா, ஒன்றும் கொண்டுவராதே என்று இரண்டு தரம் சொல்லியிருந்தார். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போய்ப் பழக்கமில்லாதவன் நான். உழுந்து வடை சுட்டுக் கொண்டுபோனேன். அன்ரி கதவடியில் நின்று தட்டைப் பார்த்தார். "இது பருப்பா?" "ஓம்." "உன்னுடைய தாச்சியில் பொரித்ததா?" "ஓம்." "நல்ல வாசம்" என்று மூச்சை இழுத்துவிட்டு, தட்டைப் படியிலேயே வைக்கச் சொன்னார். பாதி படித்த சட்டம் இப்படித்தான் கையைச் சுடும். ஹமேட்ஸ் இல்லை என்பது மட்டும்தான் என் தலையில் ஏறியிருந்தது.

முதல் இரவு விருந்துக்கு செடர் என்று பெயர். ஒழுங்கு என்று பொருள். பதினைந்து படிகள், அதில் சாப்பாடு வருவது பதினோராவது. அதுவரைக்கும் பசியோடு கதை. ஹகதா என்ற புத்தகத்தை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு மாறி மாறி வாசிக்கிறார்கள். எங்கள் கையில் இருந்தவை நியூயோர்க் உறவினர் கொடுத்த, வைன் கறை படிந்த மெலிந்த பிரதிகள். மாக்ஸ்வெல் ஹவுஸ் கோப்பிக் கம்பனி 1932இலிருந்து இலவசமாக அச்சடித்துக் கொடுப்பது. கோப்பிக் கொட்டை அவரை இனமல்ல, பஸ்காவிலும் குடிக்கலாம் என்று அஷ்கனாசிகளுக்குப் புரியவைக்கத் தொடங்கிய விளம்பரம், கடைசியில் ஒரு சமயநூலாகவே வீடுகளுக்குள் புகுந்துவிட்டது.

மேசை நடுவில் ஒரு தட்டு. சுட்ட ஆட்டெலும்பு ஒன்று, தணலில் வாட்டிய முட்டை ஒன்று, கொஞ்சம் பார்ஸ்லி, கசப்புக்கு இரண்டு வகை, ஹரோசெத். பக்கத்தில் உப்புத்தண்ணீர். துணியால் மூடிய மூன்று மாட்சா, அதாவது அந்தப் புளிப்பில்லாத அப்பம். எலும்பு வெறும் அடையாளம்தான், அதை யாரும் தொடுவதில்லை. எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் இடிக்கப்பட்ட பிறகு பலி இல்லை, பலி இல்லாதபடியால் அஷ்கனாசி வீடுகளில் அன்றிரவு சுட்ட ஆட்டிறைச்சியும் இல்லை.

பார்ஸ்லியை உப்புத்தண்ணீரில் தோய்த்து வாயில் வைத்தோம். அது அடிமைகளின் கண்ணீர் என்று சொன்னார்கள். பசியோடு இருப்பவனுக்கு ஒரு கிள்ளு இலை! அதுதான் உத்தி. ஏன் இதை மட்டும் தந்துவிட்டு நிறுத்துகிறீர்கள் என்று பிள்ளை கேட்க வேண்டும். பேத்தி கதிரையில் ஏறி நின்று பாட்டாகவே கேட்டாள்: இந்த இரவு மற்ற எல்லா இரவுகளிலும் இருந்து ஏன் வேறாக இருக்கிறது? மேசையில் இளையவர்தான் கேட்பது. பிள்ளை இல்லாவிட்டால் மனைவி கேட்கலாம். தனியாக இருப்பவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பெரிய பண்டிதர்கள் இருந்தாலும் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் கதிரையில் ஏற்றி நிறுத்துவார்கள், ஆனால் அது தண்டனை.

மாட்சா அப்பளம் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. மாவும் தண்ணீரும் மட்டும், உப்புக்கூட இல்லை. பொங்காமல் இருக்க வரிசையாகத் துளை. கடித்தால் சட்டையெல்லாம் தூள். வயிற்றை இறுக்கிப் பிடித்துவிடும் என்பது எட்டு நாளும் ஓயாத பகிடி. அங்கிள் நடு மாட்சாவை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை உயர்த்தி, ஹகதாவின் கதைப் பகுதியின் முதல் வரியை வாசித்தார்: இது எங்கள் முன்னோர் எகிப்தில் உண்ட ஏழ்மையின் அப்பம், பசித்த எவரும் வந்து உண்ணட்டும்.

எனக்கு இடித்தது. நான் படித்த யாத்திராகமத்தில் அது புறப்பட்ட நாள் அப்பம். அவசரமாகத் துரத்தப்பட்டபோது மா புளிக்க நேரமில்லாமல் சுட்டது. அடிமையாக இருந்தபோது சாப்பிட்டதா, விடுதலையாகிப் போகும்போது சாப்பிட்டதா? கேள்வி கேட்கலாம் என்ற தைரியத்தில் கேட்டேன். அங்கிளின் முகம் பூரித்துவிட்டது. இரண்டும்தான் என்றார். அடிமைக்குக் கொடுத்ததும் இதுதான், பசி தெரியாமல் வயிற்றில் நீண்ட நேரம் கிடக்கும். ஓடும்போது தோளில் கிடந்ததும் இதுதான். அதே மா, அதே தண்ணீர். அதற்குப் பிறகு அவரும் அவருடைய தம்பியும் இருபது நிமிடம் வாக்குவாதப்பட்டார்கள். எனக்குப் பசி கண்ணை அடைத்தது. ஏன் கேட்டேன் என்றாகிவிட்டது.

எகிப்தின் மேல் கடவுள் அனுப்பிய பத்து வாதைகளை வாசிக்கும்போது ஆளாளுக்குச் சுண்டுவிரலை வைன் கிண்ணத்தில் தோய்த்து, ஒவ்வொரு வாதைக்கும் ஒரு துளியாகத் தட்டில் வைத்தார்கள். இரத்தம், தவளை, பேன் என்று பெயர் சொல்லச் சொல்ல ஒரு துளி. எகிப்தியர்களும் செத்தார்கள், அதனால் எங்கள் கிண்ணம் நிறைந்திருக்கக்கூடாது என்றார் அன்ரி. அந்த விரலை நக்கக்கூடாது, துடைக்கத்தான் வேண்டும். நான் பத்தாவது துளியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் சித்தி குடும்பம் அப்போது வன்னியில். ஜனவரிக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. எங்கள் ஆட்கள் ஒட்டாவாவிலும் ரொறொன்ரோவிலும் வீதியில் நின்ற நாட்கள் அவை. எதிரிக்காக ஒரு துளி குறைக்கிற மனம் அன்றைக்கு எனக்கு இருந்ததா என்றால், இல்லை. விரலை மட்டும் துடைத்தேன்.

கசப்பு வந்தது. அங்கிளின் பக்கம் துருவிய குதிரைமுள்ளங்கி. ஏப்ரலில் பனி விலகாத போலந்தில் கீரைக்கு எங்கே போவது, கிழங்கைத் தோண்டினார்கள். அன்ரியின் பக்கம் ரொமெயின் இலை. பழைய நூலான மிஷ்னா முதலில் சொல்வதும் இலையைத்தான். வாயில் வைக்கும்போது மென்மை, மெல்ல மெல்லக் கைப்பு. எகிப்தும் அப்படித்தானாம், முதலில் விருந்தாளியாக வைத்துப் பிறகு அடிமையாக்கியது. உறைப்புச் சாப்பிடுகிற யாழ்ப்பாணத்தான் என்ற மிதப்பில் நான் குதிரைமுள்ளங்கியை ஒரு கரண்டி நிறைய எடுத்துவிட்டேன். அது நாக்கை ஒன்றும் செய்யவில்லை. நேரே மூக்கால் ஏறி மண்டைக்குள் அடித்தது. மேசை முழுக்கச் சிரிப்பு. என் கண்ணிலிருந்து வந்தது உப்புத்தண்ணீர்தான்.

அப்போது ஹரோசெத். அடிமைகள் செங்கல் வைத்துக் கட்டிய சாந்தின் அடையாளம். இரண்டு கிண்ணம் இருந்தது. அங்கிளுடையது அப்பிளும் வால்நட்டும் கறுவாவும் இனிப்பு வைனும் சேர்த்துக் கொத்தியது. அன்ரியுடையது பேரீச்சம்பழப் பாணியில் வால்நட் தூவியது, கறுத்து, தடித்து, எங்கள் பனம்பாணியின் தங்கச்சி மாதிரி. சோற்றை விட்டுக்கொடுத்து இவர் காப்பாற்றிய கிண்ணம் அதுதான். கசப்பை இதில் தோய்த்துத்தான் சாப்பிட வேண்டும். அடிமை குழைத்த சாந்து ஏன் இனிக்கிறது என்று கேட்டேன். மேசையில் நாலு பேர் நாலு விளக்கம் சொன்னார்கள். எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. பேத்தி மட்டும் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தாள்.

கோழி சூப்பில் மாட்சா உருண்டை, மீன், வேகவைத்த மாட்டிறைச்சி. வந்தது, தின்றோம். கடைசியில், உடைத்தபோது எடுத்து ஒளித்து வைத்த மற்றப் பாதி மாட்சா. அதற்குப் பிறகு அன்றிரவு எதையும் தின்னக்கூடாது, அந்த ருசி வாயில் நிற்கவேண்டுமாம்.

பிறகு என்னைத் தெருக்கதவைத் திறக்கச் சொன்னார்கள். எலியா தீர்க்கதரிசி வருவாராம், அவருக்கென்று ஒரு கிண்ணம் நிரம்பியிருந்தது. இரவில் கதவில் சத்தம் கேட்டால் மூச்சுக் காட்டாமல் படுத்துக் கிடந்த ஊரிலிருந்து வந்தவன் நான். பூட்டில் கை வைக்க ஒரு கணம் பிடித்தது. திறந்தேன். குளிர் அடித்தது. படியில் என் வடைத்தட்டு.

மேசைக்குத் திரும்பியபோது அங்கிள் ஹகதாவுக்குள்ளிருந்து ஒரு தனித்தாளை எடுத்தார். 1944இல் நாசிகளின் பேர்கன்-பெல்சன் முகாமில் மாட்சா கிடையாது. கிடைத்த பாணைச் சாப்பிடாவிட்டால் சாவு. அங்கிருந்த ரபாய்மார் சாப்பிடச் சொல்லி, பாணை வாயில் வைக்குமுன் சொல்வதற்கு ஒரு சிறு ஜெபமும் எழுதிக் கொடுத்தார்கள். மாட்சா உண்ணத்தான் விருப்பம், அடிமைத்தனம் தடுக்கிறது, உன் கட்டளைகளால் வாழச் சொன்னாய், வாழ்வதற்காக இதை உண்கிறோம் என்ற பொருளில். மூன்று கிழமை ஒரு துகள் விடாமல் துடைத்த வீட்டில், பாண் சாப்பிடுவதற்கான ஜெபம். அங்கிள் அதை வேகமாக வாசித்தார்.

இப்போது அங்கிள் இல்லை. நான் மார்க்கம் பக்கம் போய் வருடங்களாகிறது, ஆனாலும் செடருக்கு ஏதோ ஒரு வருடம்தான் தவறும். சித்தி குடும்பத்தில் தப்பி வந்தது ஒருவர்தான். சில வருடங்களாக மே மாதத்தில் எங்கள் ஆட்கள் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்கள், இங்கேயும். ஒருமுறை அன்ரிக்கு அதைப் பற்றிச் சொன்னேன்.

"என்ன போடுவீர்கள்?"

"அரிசி, தண்ணீர், உப்பு. அங்கே உப்பும் எல்லாருக்கும் கிடைத்ததில்லை."

"தேங்காய்ப்பால்?"

"இல்லை அன்ரி."

"போடாதீர்கள்" என்றார். "கொஞ்சக் காலம் போனால் யாராவது ருசியாக இருக்கட்டுமே என்று போடுவார்கள். விடாதீர்கள்." சொல்லிவிட்டு, தன்னுடைய பேரீச்சம்பாணிக் கிண்ணத்தைப் பார்த்துத் தானே சிரித்தார்.

அந்த முதல் இரவில் ஒன்றை விட்டுவிட்டேன். அங்கிள் மாட்சாவை உடைத்ததும் அன்ரி மற்றப் பாதியை வெள்ளைத் துணியில் முடிந்து பேத்தியின் தோளில் கட்டினார். பக்தாத் வழக்கம். இஸ்ரவேலர் பிசைந்த மாவைத் துணியில் கட்டித் தோளில் சுமந்து போனார்கள் அல்லவா? பிள்ளை வெளியே போய்க் கதவைத் தட்டும். எங்கேயிருந்து வருகிறாய்? எகிப்திலிருந்து. எங்கே போகிறாய்? எருசலேமுக்கு. பிறகு மூட்டை ஆள் மாறி ஆள் தோளுக்குப் போகும். என் முறையும் வந்தது. எங்கேயிருந்து வருகிறாய் என்று எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள். விடை தெரியும், இப்போதுதான் நாலு பேர் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. "எகிப்து, எகிப்து" என்று பேத்தி எனக்கு எடுத்துக் கொடுத்தாள்.

பன்னிரண்டரைக்கு விடைபெற்று, ஆறிப்போன வடைத்தட்டோடு படியிறங்கினேன். பேஸ்மென்ற் கதவைத் திறந்ததுமே வாசம். காலையில் அரைத்த மாவை ஓவனுக்குள் லைற்றோடு வைத்தது மறந்தே போய்விட்டது. சட்டியின் மூடியைத் தள்ளிப் பொங்கி, கம்பித்தட்டால் வழிந்து, ஓவன் கதவின் இடுக்கால் நிலத்துக்கு வந்திருந்தது. ஒரு மணி வரைக்கும் முழந்தாளில் நின்று துடைத்தேன். மேலே அங்கிளின் காலடி இன்னும் நடந்துகொண்டிருந்தது.

எட்டாம் நாள் பொழுதுபட்டு ஒரு மணித்தியாலம் கழியவில்லை, கதவில் தட்டு. அன்ரி கையில் ஒரு தட்டோடு நின்றார்.

"அந்த மா மிச்சம் இருக்கிறதா?"